சென்னை பர்மா பஜார்ல உங்களுக்கு நடந்த ஒரு சம்பவம் சொல்லுங்க

பாரிஸ் கார்னர் பையன்:
87 வாக்குல இருக்கும், அப்பாவோட டேப் ரெக்கார்டர் வாங்கப் போனேன். அப்ப ஃபாரின் சாமான்னா அங்கதானே. கடைக்காரர் கேசட்டைப் போட்டுக் காட்டினார், அப்பா பணத்தை எண்ணிக் குடுத்துட்டார், செட்டு இன்னும் கடைக்காரர் கையில. எங்கயோ ஒரு விசில். அவ்ளோதான், படபடன்னு எல்லாக் கடையிலயும் தார்ப்பாய் இறங்குது, ரெய்டு ரெய்டுன்னு ஆளாளுக்கு ஓடுறாங்க, நம்ம கடைக்காரரும் செட்டோட காணோம். அப்பா மூஞ்சியப் பார்க்கணுமே, ஒரு மாசச் சம்பளம். பீச் ஸ்டேஷன் வாசல்ல பேசாம நின்னுட்டு இருந்தோம், ரொம்ப நேரம் கழிச்சு ஒரு டீக்கடைப் பையன் பேப்பர்ல சுத்தின செட்டைக் கொண்டுவந்து "பாய் குடுக்கச் சொன்னாரு"ன்னு அப்பா கையில திணிச்சிட்டு ஓடிட்டான். அந்தக் கூட்டத்துல எங்களை எப்படித் தேடிப் பிடிச்சான்னு இன்னிக்கு வரைக்கும் புரியல.

செங்கல் வந்த ஆளு:
உங்களுக்கு செட்டு வந்துச்சு, எனக்கு செங்கல் வந்துச்சு. வாக்மேன் வாங்கினேன், கண்ணு முன்னாடிதான் டப்பாவுல வெச்சான், கட்டித் தரேன்னு ஒரு செகண்டு கீழ குனிஞ்சான். வீட்ல வந்து பிரிச்சா அரைச் செங்கல், அதையும் தெர்மாகோல் வெச்சு ஆடாம பேக் பண்ணியிருக்கான் பாருங்க, அந்தத் தொழில் சுத்தம்தான் மனசுல நிக்குது. எல்லாரும் அந்த இடத்தைப் பாசமா பேசுறது எனக்கு எரிச்சலா இருக்கு.

ரங்கூன் பாட்டி பேரன்:
செங்கல் அண்ணே, நீங்க வாங்கினது கடையிலயா இல்ல பிளாட்பாரத்துல "சார் சார் ஃபாரின் ஐட்டம்"னு கூப்பிட்டவன்கிட்டயா? அதைச் சொல்லுங்க முதல்ல. 64ல ரங்கூன்ல நம்மாளுங்க கடையெல்லாம் கவர்மெண்ட் எடுத்துக்கிட்டு, போட்டிருந்த நகையைக்கூட கழட்டி வாங்கிக்கிட்டு கப்பல் ஏத்தினாங்கன்னு பாட்டி சொல்லும். அப்படி வந்தவங்க பிழைக்க 69ல போட்ட கடைங்க அது. சின்ன வயசுல பாட்டியோட போவேன், ஒரு கடை வாசல்ல நின்னு பர்மா பாஷையில ஏதோ கேக்கும், உள்ள இருக்கறவர் எழுந்து நின்னு பதில் சொல்வார். வீட்ல ஒரு வார்த்தை அந்தப் பாஷை பேசாது. என்ன பேசிக்கிட்டாங்கன்னு நான் கேக்கவே இல்ல.

அத்தோ ராணி:
சண்டை அப்புறம் போடுங்க. பக்கத்துல செகண்ட் லைன் பீச் தெருவுல சாயங்காலம் தள்ளுவண்டியில கையாலயே பிசைஞ்சு குடுப்பாங்களே அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், மேல பேஜோன்னு மொறுமொறுன்னு பொரிச்சதை நொறுக்கிப் போட்டு, வறுத்த வெங்காயம், புளித்தண்ணி, பக்கத்துல வாழைத்தண்டு சூப்பு. முட்டையைக் கீறி மசாலா அடைச்சுத் தந்தா ஒரே வாயில போடணும், நான் கடிச்சேன், காலேஜ் சுடிதார் முழுக்க புளியும் எண்ணெயும். அந்த அண்ணா சிரிச்ச சிரிப்பு இருக்கே!

பழைய போன் பிரியன்:
எனக்குப் பெரிய கதை இல்ல, பழைய போன் ஒண்ணு வாங்கினேன், நல்லாதான் ஓடுச்சு. ஆனா இப்ப போறவங்களுக்குச் சொல்றேன். 91க்கு அப்புறம் ஃபாரின் சாமான் ஷோரூம்லயே வர ஆரம்பிச்சதும் பஜார் மவுசு போச்சு, அப்புறம் விசிடி டிவிடி, இப்ப போனும் போன் கவரும். பழைய போன் வாங்கினா ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடிங்க, ஐஎம்இஐன்னு அந்த போனோட 15 இலக்க அடையாள நம்பர் வரும், அதை சஞ்சார் சாத்திங்கற கவர்மெண்ட் சைட்ல போட்டுப் பாருங்க, திருட்டுன்னு பிளாக் ஆன போனா இருந்தா அங்கயே காட்டிடும். உங்க சிம்மைப் போட்டு ஒரு கால் பேசுங்க, கேமரா, சார்ஜிங் பின், ஸ்பீக்கர் எல்லாம் அங்கயே நின்னு பாருங்க, பார்த்த பீஸைக் கையை விட்டு இறக்காதீங்க, கட்டித் தரேன்னா வேணாம்னுடுங்க. முக்கியமா பில் கேளுங்க. செங்கல் சாரும் அன்னிக்கு பில் கேட்டிருக்கணும்.

செங்கல் வந்த ஆளு:
கடத்தல் வாக்மேனுக்கு பில்லா? யோவ்!