மீன்கரை அணையில் ஜிக்கும் விராலும்

நான் ஜிக் போடக் கற்றுக்கொண்டது அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிக்கிறவர்களின் வீடியோக்களைப் பார்த்துத்தான். ஜிக் என்பது மீனை ஏமாற்றும் போலி இரை: ஈயத் தலை, அதோடு சேர்த்து வார்த்த கொக்கி, சுற்றிலும் ரப்பர் குஞ்சம். அங்கே பருவம் என்றால் தண்ணீரின் சூடுதான். குளிர்காலத்தில் ஆழத்தில் முடங்கிக் கிடக்கும் பாஸ், வசந்தத்தில் தண்ணீர் 15 டிகிரியைத் தாண்டியதும் முட்டையிடக் கரையோரம் வரும். பாலக்காட்டுப் பக்கம் தண்ணீர் அந்த மாதிரி குளிர்வதே இல்லை. கோவிந்தாபுரம் சோதனைச் சாவடி தாண்டி இருக்கும் மீன்கரை அணையில் எட்டு வருடமாக விராலுக்கு ஜிக் போட்டு வருகிறேன், உரிமை உள்ளவர்களிடம் கேட்டுக்கொண்டுதான். இங்கே தண்ணீர் மட்டம்தான் பருவம்.

சித்திரை, வைகாசியில் அணை வற்றும். அப்போது நான் தூண்டில் போடுவதைவிட நடந்து பார்ப்பதுதான் அதிகம். எந்த மரக்கட்டை எங்கே நிற்கிறது, பாறை எங்கே சரிகிறது என்று மனதில் வாங்கிக்கொள்வேன். ஆடியில் அதெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும், ஜிக் இறங்க வேண்டிய இடமும் அதுதான்.

விராலுக்குத் தண்ணீர்மேல் இழுக்கிற தவளை லூர், அதாவது தவளை மாதிரிப் போலி இரை போதும் என்று பலரும் சொல்வார்கள். காலையிலும் சாயங்காலமும் சரி. உச்சி வெயிலில் அது இரை தேடி மேலே வருவது குறைவு, மூச்சுக்குத்தான் வரும். காற்றைச் சுவாசிக்கிற மீன் அல்லவா, 'பொளக்' என்று ஒரு வட்டம் எழும். அந்த வட்டத்துக்கு இரண்டடி தள்ளி 10 கிராம் ஜிக்கைப் போட்டுவிட்டு இழுக்காமல் நிற்பேன். இறங்கும்போதே கவ்விவிடும். கைக்கு ஒன்றும் தெரியாது. தூண்டில் நரம்பு திடீரென்று தொய்கிறதா, பக்கவாட்டில் நகர்கிறதா என்று கண்ணால்தான் பிடிக்க வேண்டும். இது பிடிபட எனக்கு இரண்டு வருடம் ஆனது.

மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து அடிக்கும். நரம்பு வில்லாக வளைந்துவிடும். 14 கிராமுக்கு மாறி, ராட், அதாவது தூண்டில் கோலின் நுனியைத் தண்ணீரை ஒட்டித் தாழ்த்திக்கொள்வேன். அப்படியும் மீன் குறைவுதான்.

மூன்று வருடத்துக்கு முன் ஆடி மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். தண்ணீர் ஏறிப் புல்லை மூழ்கடித்திருந்த இடத்தில் குங்குமம் கரைத்தது போல ஒரு செம்மை நகர்ந்துகொண்டிருந்தது. என்னவென்று புரியாமலே பக்கத்தில் ஜிக்கைப் போட்டேன். விழுந்த வேகத்தில் அடித்தது, ஒன்றரைக் கிலோ இருக்கும். சந்தோஷத்தில் கத்திவிட்டேன். பரிசலில் வந்த பெரியவர் நின்று பார்த்தார். "பார்ப்பைக் காக்கிறது கண்ணு அது. விட்டுரு" என்றார்.

மலையாளத்தில் விரால் குஞ்சுக் கூட்டத்துக்குப் பார்ப்பு என்றுதான் பெயர். நான் பார்த்த செம்மை அதுதான். பழந்தமிழிலும் குஞ்சுக்கு அந்தச் சொல் உண்டு. தாயும் தகப்பனும் காவல் நின்று வளர்க்கிற மீன் இது. பசிக்காக அது என் ஜிக்கை அடிக்கவில்லை, குஞ்சுகளை விட்டு விரட்டத்தான் அடித்திருக்கிறது. கொக்கியைக் கழற்ற எனக்கு வெகு நேரம் ஆனது. அதற்குள் அந்தச் செம்மை கலைந்துவிட்டது. சின்ன மீன்கள் துள்ளித் துள்ளிக் குஞ்சுகளைக் கவ்விக்கொண்டிருந்தன. விட்ட விரால் நேராக ஆழத்துக்குப் போனது. குஞ்சுகளிடம் திரும்பியதா என்று ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன், தெரியவில்லை. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் என் ஜிக் எல்லாவற்றிலும் கொக்கி நுனியில் பின்னோக்கி நிற்கும் முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டேன், மீன் சீக்கிரம் கழலட்டும் என்று. ஆனி முதல் ஆவணி வரை சிவப்பைக் கண்டால் நரம்பைச் சுற்றிவிடுவேன்.

இந்த ஆடியிலும் அதே புல்வெளிப் பக்கம் ஒரு பார்ப்பு இருந்தது. ராடைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். குஞ்சுகளும் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். மழையே இல்லாத நேரத்தில் அந்த ஓரிடத்தில் மட்டும் தூறல் விழுவது போலத் தண்ணீர் புள்ளி புள்ளியாகக் குதித்தது. அதற்குக் கீழே கருப்பாக ஒரு நிழல் அசையாமல் நின்றது.