சிக்னல் கேமரா சலான்: உங்களுக்கு என்ன நடந்தது?

அப்பாவின் ஸ்கூட்டருக்கு ஹெல்மெட் போடவில்லை என்று 1000 ரூபாய் சலான் வந்தது. மெசேஜில் போட்டிருந்த நேரத்தில் வண்டி வீட்டு வாசலில் நின்றது, அப்பா அன்று வெளியே போகவே இல்லை. போலீசோடு எதற்கு வம்பு, கட்டிவிடலாம் என்றுதான் அவர் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. அரசின் பரிவாஹன் இ-சலான் தளத்தில் சலான் எண்ணைக் கொடுத்துப் படத்தைத் திறந்தால், அதில் இருப்பது ஸ்கூட்டரே இல்லை, யாரோ ஒருவரின் பைக். பிளேட்டில் சேறு அப்பியிருக்கிறது, அவருடைய 3 கேமராவுக்கு 8 ஆகிவிட்டது, அப்படிப் படித்தால் வருவது எங்கள் நம்பர்! அந்தப் படம், ஆர்சி, ஸ்கூட்டர் போட்டோ எல்லாம் சேர்த்துப் புகார் அனுப்பினேன், கொஞ்ச நாள் கழித்து ரத்து செய்தார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். படத்தைத் திறந்து பார்க்கத் தெரியாமல் பணத்தைக் கட்டிவிடும் பெரியவர்களை நினைத்தால்தான் ஆத்திரமாக வருகிறது. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

---

கேமரா பொருத்தும் கான்ட்ராக்டில் வேலை பார்த்தவன் நான், 3-8 குழப்பம், பி-8 குழப்பம் எல்லாம் எங்களுக்குப் பழகிப்போனது. வெளிநாடுகளில் பல இடங்களில் தார்ச்சாலையை அறுத்து உள்ளே கம்பிச் சுருள் பதித்திருப்பார்கள், மேலே வண்டியின் உலோகம் வந்ததும் சுருளின் மின்தூண்டல் மாறும், அதை வைத்து வண்டி வந்ததைக் கண்டுபிடிக்கும். லேன் பிடித்து ஓட்டும் ஊருக்கு அது சரி. நம் சிக்னலில் இரண்டு கார் நடுவே நாலு பைக் நிற்கும், அதனால் இங்கே பெரும்பாலும் வீடியோவை வைத்தே செய்கிறோம். கம்பத்தில் ஒரு கேமரா சிக்னல் விளக்கோடு மொத்த இடத்தையும் பார்க்கும், இன்னொன்று நம்பர் பிளேட்டை மட்டும் நெருக்கமாகப் பிடிக்கும். ஸ்டாப் லைன் மேல் சாஃப்ட்வேரில் ஒரு கோடு போட்டிருப்போம். சிவப்பு விழுந்த பிறகு எந்த வண்டி அந்தக் கோட்டைத் தாண்டுகிறதோ அதன் படங்கள் பதிவாகும். மஞ்சளிலேயே தாண்டி நடுவில் மாட்டிக்கொண்டவர் பயப்பட வேண்டாம், சிவப்பு விழும்போது வண்டி கோட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதுதான் கணக்கு.

இரவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அடிக்கும், பிளேட்டின் பளபளப்பான தாள் அதை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும், அதனால் வண்டி கருப்பாகவும் பிளேட் மட்டும் பளிச்சென்றும் விழும். 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு வரும் உயர் பாதுகாப்பு பிளேட் இதில் தெளிவாக விழும். வளைத்து வளைத்து எழுதிய நம்பர்தான் தொல்லை.

உங்கள் அப்பா விஷயத்தில் நான் கேமராவைக் குறை சொல்ல மாட்டேன். பதிவில் ஸ்கூட்டர், படத்தில் பைக். கண்ட்ரோல் ரூமில் ஒருவர் இரண்டையும் பார்த்து நிறுத்தியிருக்க வேண்டும், அதற்குத்தான் ஆளை உட்கார வைப்பது. நூற்றுக்கணக்கான படங்களை ஒரே ஆள் பார்த்தால் கை தானாக ஓகே அழுத்திக்கொண்டே போகும், நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

---

கோயம்புத்தூரில் கால் டாக்சி ஓட்டுகிறேன். கேரளாவில் 2023 ஜூன் 5-லிருந்து ஏஐ கேமரா அபராதம் போட ஆரம்பித்தது, மொத்தம் 726 கேமரா. பாலக்காடு சவாரி, முன் சீட்டில் உட்கார்ந்தவரிடம் வாளையார் தாண்டியதுமே பெல்ட் போடுங்கள் சார் என்று சொன்னேன், வயிற்றை அழுத்துகிறது தம்பி என்று விட்டுவிட்டார். 500 ரூபாய் அபராதம் வண்டி ஓனர் பெயருக்குப் போனது. ஓனர் என் கணக்கில் கழித்துக்கொண்டார். படத்தில் அந்தப் பயணியின் முகமும் நான் பெல்ட் போட்டிருப்பதும் தெளிவாக இருக்கிறது, ஆனாலும் சலான் போவது பிளேட்டுக்கு உரியவருக்குத்தான், அங்கிருந்து அது எங்களைப் போன்றவர்கள் தலையில் இறங்கும். இப்போது பெல்ட் போட்டால்தான் வண்டியை எடுக்கிறேன், கோபித்துக்கொண்டு இறங்கிப் போனவர்களும் உண்டு.

---

டிரைவர் அண்ணா சொன்னதுதான் எனக்கும். பைக்கை விற்றுக் காசு வாங்கியாச்சு, வாங்கியவர் பெயர் மாற்றிக்கொள்கிறேன் என்றார், மாற்றவில்லை. அவர் சிக்னல் தாண்டும்போதெல்லாம் என் போனுக்கு மெசேஜ். ஆர்டிஓ ஆபீசில் கேட்டபோது, விற்றவரும் 14 நாளுக்குள் படிவம் 29 கொடுத்துத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது என்றார்கள், புரோக்கர் அதை எனக்குச் சொல்லவே இல்லை. விற்றதற்கான ரசீதும் ஆதார் நகலும் கையில் இருந்ததால் வாங்கியவரை வரவழைத்துப் பெயர் மாற்ற வைக்க முடிந்தது. வண்டி விற்கப் போகிறவர்கள் சாவியைக் கொடுப்பதற்கு முன் படிவம் 29, பெயர் மாற்றக் கொடுக்கும் படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள், 29-ஐ நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், புரோக்கரிடம் விடாதீர்கள்.