பரண்மேல் வைத்த பாட்டில்

குழு: பெரிய வீடு, வேலூர்

காட்பாடி பெரியப்பா: தம்பி, அக்காவிடம் கொடுத்தனுப்பினாயே, அந்த ஒயினை நேற்று இரவு திறந்தேன். டம்ளரில் ஊற்றினால் அதன் வழியாகக் காலண்டர் தேதி தெரிகிறது. நன்னாரி சர்பத்தில் பாதி தண்ணீர் கலந்த மாதிரி! கடைக்காரன் உன்னை ஏமாற்றிவிட்டான்டா.

பெரியம்மா: குடும்பக் குழுவில் பேசுகிற பேச்சா இது? சம்பந்தி வீட்டாரும் இதில் இருக்கிறார்கள்.

தம்பி நியூசிலாந்து: ஏமாற்றவில்லை பெரியப்பா. அது பினோ நுவார். அந்தத் திராட்சைக்குத் தோல் மெலிசு. ஒயினுக்கு நிறம் கொடுப்பது தோல்தான். பன்னீர் திராட்சையை உரித்துப் பாருங்கள், உள்ளே கறுப்பா இருக்கிறது?

காட்பாடி பெரியப்பா: சரி, புளிக்கிறதே? சூடாக வேறு இருந்தது.

தம்பி நியூசிலாந்து: சூடாகவா? எங்கே வைத்திருந்தீர்கள்?

காட்பாடி பெரியப்பா: பரண்மேல். பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாதே. 20 நாளாகப் பத்திரமாக இருந்தது.

நான்: மொட்டை மாடிக்கு நேர் கீழே! கத்திரி வெயிலில்!

தம்பி நியூசிலாந்து: ஐயோ பெரியப்பா! வெயில் கூடினால் கொடியிலேயே வாசனையைத் தொலைக்கிற பழம் அது. அதனால்தான் இங்கே, தெற்கு அட்சரேகை 45 டிகிரியில், சென்ட்ரல் ஒட்டாகோவில் வளர்க்கிறார்கள். இரவுக் குளிரில்தான் அந்தப் புளிப்பு தங்கும். புளிப்பு இருந்தால் நல்லதுதான்.

குடியாத்தம் அத்தை: குளிர் என்றால் நம்ம ஏலகிரி மாதிரியா கண்ணு?

தம்பி நியூசிலாந்து: ஏலகிரிக்கு ஒரு சால்வை போதும் அத்தை. போன அக்டோபரில் கொடி துளிர்த்த நேரம், ராத்திரி 2 மணிக்கு எழுப்பிவிட்டார்கள். உறைபனி. தோட்டம் முழுக்கத் தண்ணீர் தெளித்தோம்.

குடியாத்தம் அத்தை: குளிருகிற செடிமேல் தண்ணீரா? பைத்தியமா உங்களுக்கு?

தம்பி நியூசிலாந்து: நானும் அப்படித்தான் கேட்டேன். தண்ணீர் உறையும்போது கொஞ்சம் சூட்டை வெளியே விடுமாம். விடிகிற வரைக்கும் நிறுத்தாமல் தெளித்தால் துளிர் 0 டிகிரியை ஒட்டியே நிற்கும், கருகாது. விடிந்ததும் பார்த்தேன், ஒவ்வொரு துளிரும் ஐஸுக்குள் பச்சையாக, கண்ணாடிக்குள் வைத்த மாதிரி. வெயில் ஏற ஏற டொக் டொக்கென்று உதிர்ந்தது. சிலர் ஹெலிகாப்டரே வாடகைக்கு எடுப்பார்கள். மேலே நிற்கிற சூடான காற்றை அது கீழே தள்ளும்.

குடியாத்தம் அத்தை: இங்கே மாம்பூவுக்கு மருந்தடிக்கவே ஆள் கிடைக்கவில்லை. உங்களுக்கு ஹெலிகாப்டரா! அந்தச் செலவை யார் தலையில் கட்டுகிறார்கள்?

தம்பி நியூசிலாந்து: பாட்டில் வாங்கியவன் தலையில். அதாவது என் தலையில்.

காட்பாடி பெரியப்பா: இன்னும் பாதி இருக்கிறது. என்ன செய்ய?

தம்பி நியூசிலாந்து: பரண் வேண்டாம், ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் வையுங்கள். குடிக்கக் கால் மணி நேரம் முன்னால் வெளியே எடுத்தால் 14 டிகிரி வாக்கில் இருக்கும். இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். ஐஸ் மட்டும் போட வேண்டாம்.

பெரியம்மா: காய்கறித் தட்டு முழுக்க இலவம்பாடி கத்திரிக்காய். இடமில்லை.

பெரியம்மா: சம்பந்தி அம்மா எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார்கள். சாயங்காலம் சம்பந்தி இந்தப் பக்கம் வருகிறாராம். அந்தப் பாட்டில் அதுவரை இருக்குமா என்று கேட்கச் சொன்னாராம்.