‘உள்ளூர் அளவு’ வேண்டாம், ‘பார்வாரிப் போக்கு’ என்போம்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

பவளத்திட்டுகளின் நெடுங்கால மாற்றத்தைச் சிறு பரப்பில் ஆராயும் புள்ளியியல் முறைக்கு ‘உள்ளூர் அளவுப் பகுப்பாய்வு’ என்ற பெயர் முந்தைய மடலில் முன்மொழியப்பட்டிருந்தது. அதில் எனக்கு உடன்பாடில்லை. ‘உள்ளூர்’ கரையை வைத்து எழுந்த சொல். இம்முறையோ, ஒரே ஊருக்கு எதிரே கிடக்கும் இரண்டு திட்டுகள்கூட வெவ்வேறு விதமாக மாறக்கூடும் என்பதிலிருந்தே தொடங்குகிறது.

ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 1985 முதல் 2012 வரை 214 திட்டுகளில் எடுத்த கணக்கின்படி, உயிருள்ள பவளத்தின் பரப்பு சராசரியாக 28 விழுக்காட்டிலிருந்து 13.8 விழுக்காடாகச் சரிந்தது. வடகோடித் திட்டுகளிலோ மொத்தத்தில் சரிவே தென்படவில்லை. சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இது பிடிபடாது. ஆகவேதான் ஒவ்வொரு திட்டுக்கும் தனித் தொடக்க அளவும் தனி மாற்ற வேகமும் தந்து, தரவு குறைந்த திட்டின் மதிப்பீடு மற்றவற்றின் போக்கால் ஓரளவு வலுப்பெறும்படி எல்லாத் திட்டுகளையும் ஒரே கணக்கில் இணைக்கும் படிநிலை மாதிரியை அமைக்கிறார்கள். கடலடியில் குறித்துவைத்த ஒரே கோட்டின் வழியே ஆண்டுதோறும் அளந்த எண்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. அவற்றைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணினால் பிழையெல்லை உள்ளதைவிடக் குறுகித் தெரியும்.

இங்கே கணக்கின் அலகு திட்டு. அதற்கு எங்கள் கரையில் சொல் உண்டு: குமரி மாவட்டக் கடலோர ஊரான நீரோடியிலும், எல்லை தாண்டிக் கேரளத்து விழிஞ்ஞத்திலும் கடலடிப் பாறைக்குப் ‘பார்’ என்றே பெயர், தூத்துக்குடியின் முத்துப்பாரும் இதே பார்தான். மாவட்டவாரி, வட்டவாரி என்பவற்றைப் போல ‘பார்வாரி’ என்று அமைத்து, ஒவ்வொரு பாருக்கும் தனியே கணிக்கும் மாற்றத்தைப் ‘பார்வாரிப் போக்கு’ எனலாம் என்பது என் முன்மொழிவு.

பவளமே இல்லாத வெறும் பாறையும் பார்தான் என்பது நியாயமான தடை. முதலில் ஒருமுறை ‘பவளப்பார்’ என்று சொல்லிவிட்டால் அது தீரும். ‘முருகைக்கல்’ நல்ல சொல் என்றாலும் கல்லைக் குறிக்குமேயன்றி இடத்தைக் குறிக்காது. ‘வாரி’ தமிழன்று என்ற வாதத்தை நான் பொருட்படுத்தவில்லை. களியக்காவிளைச் சாலையில் ‘பார்’ என்றால் வேறு கடை நினைவுக்கு வரும் என்பதுதான் சற்று உறுத்துகிறது.

சொல்லைப் புழங்கிப் பார்க்க ஒரு தொடர் தருகிறேன் (வெளிறல் என்பது கடல்நீர் சூடேறும்போது பவளம் நிறமிழப்பது): ‘2010, 2016 வெளிறல்களுக்குப் பின் மன்னார் வளைகுடாப் பவளங்களின் பார்வாரிப் போக்கு எவ்வாறு வேறுபட்டது?’ இதே கேள்வியை ‘உள்ளூர் அளவு’ கொண்டு எழுதக்கூடியவர்கள் எழுதிக் காட்டுமாறு வேண்டுகிறேன்.