ஒரு நல்கையில் விழுந்த துண்டை இன்னொரு நல்கையால் அடைக்கலாமா?

கேள்வி:
அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் துறையளவில் ஆய்வு நல்கைகளின் (ஆய்வுத் திட்டங்களுக்கு வெளி நிறுவனங்கள் தரும் நிதியின்) கணக்கைப் பார்த்துவருகிறேன். எங்கள் முதன்மை ஆய்வாளர் ஒருவரிடம் என்.ஐ.எச். (அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள்) வழங்கிய இரண்டு நல்கைகள் உள்ளன. முதலாவதில் துண்டு விழுந்துள்ளது. அடுத்த மாதம் முடியவிருக்கும் இரண்டாவதில் பணம் மிஞ்சுகிறது. எனவே முதுமுனைவு ஆய்வாளர் (முனைவர் பட்டத்துக்குப் பின் ஆய்வகத்தில் பணிபுரிபவர்) ஒருவரின் சென்ற பருவச் சம்பளத்தை இரண்டாவதன் கணக்கில் மாற்றி எழுதச் சொல்கிறார். அப்பருவத்து உழைப்பு முழுவதும் முதல் நல்கைக்கே சென்றது என்ற சான்றில் முதன்மை ஆய்வாளரே கையொப்பமிட்டிருக்கிறார். பணம் தருவது ஒரே நிறுவனம்தானே என்கிறார். இதற்கு விதியில் இடமுண்டா?

மறுமொழி 1:
இடமில்லை. கூட்டரசு (அமெரிக்க மைய அரசு) நல்கைகளுக்கான பொது விதித்தொகுப்பின் (2 சி.எஃப்.ஆர். 200) 405ஆம் பிரிவு, ஒரு நல்கைக்கு உரிய செலவை, நிதிப் பற்றாக்குறையைச் சமாளிப்பதற்காக மற்றொரு கூட்டரசு நல்கையின் மீது ஏற்றக்கூடாது என்று வெளிப்படையாகவே கூறுகிறது, பணம் தருபவர் ஒருவரே என்பது இங்கே பொருட்டல்ல. என்.ஐ.எச். தன் நல்கைக் கொள்கை அறிக்கையிலும் இதையே வலியுறுத்துவதோடு, உண்மையான பிழையைத் திருத்துவதானால்கூட, பிழை தெரியவந்த 90 நாள்களுக்குள் திருத்த வேண்டும் என்கிறது. 'பிழை திருத்தம்' என்று ஒற்றை வரி எழுதினால் ஏற்கமாட்டார்கள். முடியும் தறுவாயில் உள்ள நல்கைக்குள் திடீரென வந்து சேரும் சம்பளச் செலவில்தான் தணிக்கையாளரின் கண் முதலில் விழும்.

மறுமொழி 2:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அந்த முதுமுனைவு ஆய்வாளர் மெய்யாகவே இரண்டாவது திட்டத்தில் வேலை செய்திருந்தால் நிலைமை வேறு. அப்போது செலவை மாற்றாமல் விடுவதுதான் தவறு. ஆனால் அதை ஆய்வகக் குறிப்பேடுகளும் முன்னேற்ற அறிக்கையும் காட்ட வேண்டும். கையொப்பமிட்ட சான்றைத் திருத்துவதற்கு, முதற்சான்று ஏன் தவறானது என்ற விளக்கமும் தேவைப்படும். பணம் தீர்ந்தபின் அந்த ஞாபகம் வந்ததை யாரும் எளிதில் நம்பப்போவதில்லை.

கேள்வி கேட்டவர்:
குறிப்பேடுகளைப் பார்த்தேன், முழுதும் முதல் திட்டத்தின் வேலைதான். எனில், துண்டை எப்படி அடைப்பது?

மறுமொழி 3:
துறையின் சொந்த நிதியிலிருந்து, அதாவது கூட்டரசுப் பணம் கலவாத கணக்கிலிருந்துதான். முதன்மை ஆய்வாளருக்குத் தொடக்கநிதி (பணியில் சேரும்போது பல்கலைக்கழகம் தரும் நிதி) மிச்சமிருந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது நல்கையில் வேலை பாக்கியிருந்தால், அது முடிவதற்கு முன்பே கூடுதல் பணமின்றிக் கால நீட்டிப்பு கோரலாம்; பணம் மிஞ்சியிருப்பது மட்டுமே அதற்குக் காரணமாகாது. இறுதி நிதியறிக்கையில் பொய்த் தகவல் இருந்தால் குற்றவியல் தண்டனைக்கும் இடமுண்டு என்பதை அறிந்தே ஒப்பமிடுவதாக 415ஆம் பிரிவு உறுதிமொழி கேட்கிறது. ஆகவே உங்கள் மறுப்பை மின்னஞ்சலில் விதி எண்ணுடன் எழுதி, நல்கை நிதி அலுவலகத்துக்கும் நகல் அனுப்பிவிடுங்கள்.