மல்யுத்தத்தில் புதிதாகச் சேர்ந்த மகன்: வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

காரைக்குடியிலிருந்து ஒரு தாய்:

அனைவருக்கும் வணக்கம். 12 வயதாகும் என் மகன் சென்ற மாதம் மல்யுத்தப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறான். எங்கள் பக்கத்தில் கபடி தெரியும், சிலம்பம் தெரியும், பொங்கல் வந்தால் சிராவயல் மஞ்சுவிரட்டும் தெரியும். மல்யுத்தம் பயின்றவர் என்று உறவில் ஒருவரும் இல்லை. பனியனைக் கழற்றும்போது தோளில் தெரியும் விரல் தடங்களைப் பார்த்து, பிள்ளையை யாரோ அடித்திருக்கிறார்கள் என்று அவனுடைய அப்பத்தா கண்கலங்குகிறார். அவன் அப்பாவோ மேட்டின் (பயிற்சிக்கு விரிக்கும் மெத்தை விரிப்பின்) ஓரத்தில் நின்று "காலைப் பிடி, காலைப் பிடி" என்று கத்துகிறார். தொடர்ந்து தோற்றுவரும் அவன், எடையைக் குறைத்தால் சிறிய பையன்களோடு மோதலாம் என்று மூத்த மாணவன் ஒருவன் சொன்னதைக் கேட்டு, இப்போது இரவுச் சாப்பாட்டையும் தவிர்க்கிறான். விளையாட்டில் இது வழக்கம்தானா, அல்லது நான் தடுக்க வேண்டுமா?

கானாடுகாத்தான், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்:

வணக்கம் அம்மா. அவசியம் தடுக்க வேண்டும். பட்டினி கிடந்தும் தண்ணீர் குடிக்காமலும் குறைக்கிற எடையில் பெரும்பகுதி உடலின் நீர்தான் என்பதால், பிள்ளை பலமிழந்த நிலையில்தான் மேட்டில் ஏறுவான். நம் ஊர் வெயிலில் மயக்கமும் வரும். 1997ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் 3 பேர் இவ்வாறு அவசரமாக எடை குறைக்க முயன்று இறந்த பிறகே அங்கு விதிகள் கடுமையாக்கப்பட்டன. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் இறுதிப் போட்டியன்று காலை 100 கிராம் கூடுதலாக இருந்து தகுதியிழந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்; அந்தக் கணக்கெல்லாம் வளர்ந்தவர்களுக்கு உரியது. சர்வதேச அளவில் 15 வயதுக்குட்பட்டோர் பிரிவில்கூட 14, 15 வயதினரே இடம்பெறுகிறார்கள். 13 வயதுப் பிள்ளைக்கு மருத்துவச் சான்றும் பெற்றோர் ஒப்புதலும் வேண்டும். உங்கள் மகன் அந்த வயதையே இன்னும் எட்டவில்லை என்பதால், வளர்கிற எடையிலேயே விளையாடட்டும். பயிற்சி முடிந்து வந்ததும் முட்டையோ சுண்டலோ கும்மாயமோ கொடுங்கள். மூத்த மாணவன் சொன்ன யோசனையைப் பயிற்சியாளரிடம் நீங்களே நேரில் தெரிவியுங்கள்.

தோல்வியைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம். தாடையை மார்போடு ஒட்டிவைத்து, தலை அடிபடாமல் விழுவதற்கும், இரு தோள்களும் ஒருசேர மேட்டைத் தொடாமல் திரும்புவதற்கும் பழகவே சில மாதங்கள் பிடிக்கும். இவற்றை முறையாகக் கற்பிக்கிறார்களா, ஏறத்தாழ ஒரே எடையும் அனுபவமும் உள்ள பையனோடு இணைசேர்க்கிறார்களா என்ற இரண்டையும் ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். அவன் அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள்: கிரேக்க-ரோமன் முறையில் இடுப்புக்குக் கீழே பிடிப்பதே குற்றம். எந்த முறையில் பயிற்சி நடக்கிறது என்று அவர் கேட்டிருப்பாரா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது! எப்படியும் ஓரத்திலிருந்து பயிற்சியாளர் ஒருவர் குரல் மட்டுமே பிள்ளையின் காதில் விழ வேண்டும்.

பள்ளத்தூர், மல்யுத்தம் பயிலும் மகளின் தாய்:

தோலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஒருவர் மேல் ஒருவர் உரசுகிற விளையாட்டு என்பதால் படர்தாமரை மிக எளிதாகத் தொற்றும். வந்தவுடன் சோப்புப் போட்டுக் குளிப்பது, அன்றைய உடையை அன்றே துவைப்பது, துண்டைப் பிறருக்குக் கொடுக்காமலிருப்பது, நகத்தை ஒட்ட வெட்டுவது ஆகிய நான்கும் எங்கள் வீட்டில் கட்டாயம். வட்டமாகச் சிவந்து ஓரம் தடித்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்; மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், அரிப்பு அடங்கினாலும் உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும். குறைந்தது 3 நாளாவது சரியான மருந்து போட்டு, மருத்துவர் சம்மதித்த பிறகே மறுபடி மேட்டில் இறங்கலாம்.

காரைக்குடியிலிருந்து ஒரு தாய்:

மிக்க நன்றி ஐயா, நன்றி ஆச்சி. அப்பத்தா இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, காது வீங்கி உருமாறிவிடுமாமே என்று புதிதாகக் கேட்கிறார்.

கானாடுகாத்தான், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்:

காது மடல் நசுங்கி உள்ளே இரத்தம் கட்டினால்தான் அவ்வாறு ஆகும். மெத்தென்ற காதுக்கவசம் கிடைக்கிறது. பயிற்சியின்போது அணிந்தால் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். அதையும் மீறி மடல் உப்பினால் ஓரிரு நாளுக்குள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, தேங்கியதை வெளியேற்றிவிட வேண்டும், விட்டுவைத்தால் இறுகிவிடும். வீட்டில் ஊசியால் குத்த ஒருவரையும் அனுமதிக்காதீர்கள்.