புதுப்பிப்பு: பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் மகள் டிஸ்குவாலிஃபை ஆன விஷயம்

போன வாரம் எழுதியிருந்தேன்: 100 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் (தவளை நீச்சல்) போட்டியில் மகளைத் தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள், கையை இழுப்பதற்கு முன்பே டால்பின் கிக் (இரண்டு கால்களையும் சேர்த்து மேலும் கீழும் அடிக்கும் உதை) அடித்ததுதான் காரணமாக இருக்கும் என்று. அது தவறு. நடுவர் காரணம் எழுதிய சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டேன்.

டால்பின் கிக் பற்றி நான் வைத்திருந்தது பழைய விதி. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஜப்பான் வீரர் கிடாஜிமா தங்கம் வென்றபோது அந்த உதையை வைத்துப் பெரிய சர்ச்சை எழுந்தது. அப்போது அதற்கு அனுமதியே இல்லை. 2005-இல் ஒன்று மட்டும் அனுமதித்தார்கள், அதுவும் கை இழுப்போடு சேர்ந்துதான். இப்போது முதல் தவளை உதைக்கு முன் எப்போது வேண்டுமானாலும் ஒரு முறை அடிக்கலாம். ஆக, அவள் செய்தது சரிதான்.

சிக்கல் வேறு இடத்தில். டைவுக்கும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் பிறகு, தண்ணீருக்குள் ஒரே ஒரு முறைதான் கைகளைத் தொடை வரை முழுதாக இழுக்கலாம். இரண்டாவது இழுப்பில் கைகள் நன்றாக விரிந்து உள்நோக்கித் திரும்புவதற்குள் தலை நீர்ப்பரப்பைத் தாண்டியிருக்க வேண்டும். திருப்பத்துக்குப் பிறகு அவள் தலை தாமதமாக வந்திருக்கிறது. ஃப்ரீஸ்டைலில் 15 மீட்டருக்குள் தலை மேலே வந்துவிட வேண்டும்; இதில் அந்த எல்லை கிடையாது. அதனால்தான் இந்த ஒரு நொடியை நடுவர்கள் அவ்வளவு உன்னிப்பாகக் கவனிக்கிறார்கள்.

தீர்ப்பு நியாயமானது. நடுவரைக் குறை சொன்ன வரிகளைப் பழைய பதிவிலிருந்து எடுத்துவிட்டேன். அப்புறம், நேற்றிலிருந்து திருப்பத்துக்குப் பின் சற்று முன்னதாகவே மேலே வரப் பழகுகிறாள்.